கள்ளிப்பூச்சிச் சிவப்பு

மோகனூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பொன்னாத்தாளுக்கு அங்கே ஒரு பெயர் இருந்தது: பிள்ளைகளைச் சுவரில் கிறுக்கவிட்டு வேடிக்கை பார்க்கிறவள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வாசலில் இறங்க முடியாத நாட்களில் மற்ற வீடுகளில் அதட்டலும் அழுகையும் கேட்கும். அவள் வீட்டில் அம்மியில் மஞ்சள் அரைபடும். பக்கத்துத் தெருவில் இருந்த நாத்தனார் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டாள்.

"ஏனுங்கண்ணி, வெள்ளையடிச்ச செவுத்தை இந்தப் பாடு படுத்துதுகளே, ஒரு சத்தம் போட மாட்டீங்களா?"

"எங்கூட்டுச் செவுரு இதைவிட மோசமா இருந்துச்சுங்க" என்று பொன்னாத்தாள் சிரித்தாள். அதற்குமேல் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அது நீண்டுகொண்டே போகும்.

நாமகிரிப்பேட்டைக்கு மேற்கே ஊஞ்சக்காட்டுத் தோட்டத்தில் அவள் பிறந்து வளர்ந்தாள். இது நடந்தபோது அவளுக்கு எட்டு வயது. தம்பி காளியண்ணனுக்கு ஐந்து. தங்கை ஆத்தாயி அப்போதுதான் வார்த்தைகளைச் சேர்த்துப் பேசப் பழகியிருந்தாள். கள்ளி பட்டுப்போன வருசம் என்று அவர்கள் வீட்டில் அதைச் சொல்வார்கள். வேலி வேலியாக ஆள் உயரத்துக்கு நின்ற சப்பாத்திக்கள்ளியில் எங்கிருந்தோ ஒரு வெள்ளைப் பூச்சி வந்து ஒட்டியது. பார்க்கப் பஞ்சைப் பிய்த்து வைத்த மாதிரி இருக்கும். அது படர்ந்த இடமெல்லாம் கள்ளி மஞ்சளாகி, அழுகி, மடிந்து விழுந்தது. சர்க்கார் கொண்டுவந்து விட்ட பூச்சி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அந்தக் கோடையில்தான் அவளுடைய அப்பா மருதாசலம் காலை முறித்துக்கொண்டார். கிணற்றுச் சரிவில் மாடுகளை இறக்கியும் ஏற்றியும் தோல்பறியில் தண்ணீர் இறைக்கிற கவலைதான் அந்தத் தோட்டத்துக்கு உயிர். சரிவில் மாடு இறங்கும்போது வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து வருவது அவர் வழக்கம். அன்றைக்கு வடம் அறுந்தது. விழுந்தவருக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு விட்டுப்போயிற்று. தம்மம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு கட்டு வைத்தியர் வந்து, முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துத் தடவி, மூங்கில் சிம்பு வைத்து, வெள்ளைத் துணியைச் சுற்றிச் சுற்றிக் கட்டினார். "வெயிலு தாந்து மழை வார வரைக்கும் இந்தக் காலைத் தரையில ஊணக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போதாததற்கு ஊருக்குள் அம்மை. பண்ணையத்துக்கு இருந்த சின்னான் வீட்டிலும் ஆத்தா இறங்கியிருந்ததால் அவன் வருவதற்கில்லை. யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. வேலிக்கு அந்தப்புறம் மருதாசலத்தின் அண்ணன் குமாரசாமியின் தோட்டம். கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஆனால் பாகம் பிரித்தபோது வேலியை யார் யார் பக்கம் தள்ளிப் போட்டது என்று வந்த சச்சரவில் அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டு வருசக்கணக்காகியிருந்தது.

"மொளகாப் பயிரு சுருண்டுக்கிட்டு நிக்குதுங்க. நானே ஓட்டறேன்" என்றாள் அம்மா வள்ளியாத்தாள்.

"பொம்பளை கவலை ஓட்டறதா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கறதுக்கு ஆரு இருக்கறாங்க வெளியில? எல்லாம் கதவைச் சாத்திட்டுக் கெடக்குதுங்க."

அடுத்த நாள் விடியும்போது அவள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு மாடுகளைப் பிடித்துப் போனாள். போகிறபோது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள்: "கெணத்துப் பக்கம் ஒண்ணையும் உட்றாதீங்க. ஊருக்குள்ளயும் உட்றாதீங்க. பார்த்துக்குங்க."

அப்படித்தான் பிள்ளைகளும் அப்பாவும் ஒரு வீட்டுக்குள் அடைபட்டார்கள்.

பொன்னாத்தாளுக்கு அதுவரை அப்பாவை அவ்வளவாகத் தெரியாது. அவள் எழும்போது அவர் காட்டில் இருப்பார். இருட்டியபின் வந்து சாப்பிட்டுவிட்டுக் களத்தில் போய்ப் படுத்துக்கொள்வார். தூரத்தில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே காளியண்ணன் ஓடி அடுக்களையில் ஒளிவான். அப்பேர்ப்பட்டவர் இப்போது ஆசாரத்தில், வீட்டுக்கு நடுவிலுள்ள கூடத்தில், கயிற்றுக் கட்டிலில் பகல் முழுக்கக் கிடந்தார். வலி வந்தால் பல்லைக் கடித்தார். ஈ மொய்த்தால் திட்டினார். பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் பூனை மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். ஆத்தாயி சிணுங்கினால் பொன்னாத்தாள் அவள் வாயைப் பொத்தினாள்.

ஒரு மத்தியானம் அவர் கண்ணயர்ந்தார். விழித்தபோது காலில் என்னவோ ஊர்வது போலிருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தார். காளியண்ணன் கட்டிலோரம் மண்டியிட்டு, அடுப்புக்கரித் துண்டால் அந்த வெள்ளைக் கட்டின் மேல் மும்முரமாக ஏதோ தீட்டிக்கொண்டிருந்தான். பொன்னாத்தாளுக்கு உயிரே போய்விட்டது.

"என்றா இது?" என்றார் மருதாசலம்.

பையன் கரியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். "மாடுங்கய்யா."

"காலு அஞ்சு இருக்குது?"

"அதுல ஒண்ணு வாலுங்க."

மருதாசலம் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் கால் அதிர்ந்து வலித்தது. வலியில் முனகிக்கொண்டே மறுபடியும் சிரித்தார். "மாடு அப்படியா இருக்கும்? அந்தக் கரியைக் குடு இப்படி" என்று வாங்கி, கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டுத் தரையில் ஒரு மாடு வரைந்தார். ஆயுள் முழுக்க மாட்டோடு கிடந்தவர் போட்ட அந்த மாட்டுக்குக் கழுத்தே இல்லை. வயிறு தரையைத் தொட்டது.

"அய்யா, இது பன்னிங்க" என்றாள் ஆத்தாயி.

பொன்னாத்தாள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையைச் சாய்த்துத் தன் மாட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஆமா சாமி, பன்னிதான்" என்றார். அன்றோடு அந்த வீட்டில் பயம் போயிற்று.

கரியோடு நிற்கவில்லை. தை மாதம் வெட்டி வேகவைத்துக் காயவைத்த மஞ்சள் குதிருக்குப் பக்கத்தில் கிடந்தது. அதை உரசினால் மஞ்சள். அதில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் ஆரத்திச் சிவப்பு. வேலியில் படர்ந்த கோவை இலையைக் கசக்கினால் பச்சை. மாட்டுக் கொம்புக்குப் பூசுகிற காவிக்கல் பரணில் இருந்தது. வேட்டிக்குப் போடுகிற நீலப் பொட்டலத்தைப் பொன்னாத்தாள் தேடி எடுத்தாள். உடைந்த சட்டிகளின் சில்லுகளில் ஒவ்வொரு நிறத்தையும் கரைத்துக் கட்டிலைச் சுற்றி வைத்தார்கள். சூப்பிப் போட்ட பனங்கொட்டையில் நார் நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அதுதான் பெரிய தூரிகை. வேப்பங்குச்சியை நுனியில் மென்றால் சின்னத் தூரிகை. ஆத்தாயிக்கு எதுவும் வேண்டாம், பத்து விரலும் போதும்.

ஒவ்வொரு நாளும் ஒரு வேலை கிடைத்தது. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மஞ்சளில் தொட்டுச் சுவரில் அழுத்தினால் பூவாக விழுந்தது. ஒருநாள் முழுக்க மூவரும் சுவரடியில் பூத்தோட்டம் போட்டார்கள். பழைய சுரைக்குடுவைக்குக் கண்ணும் மூக்கும் வைத்தார்கள். ஊறவைத்த நூலைக் கரியில் தோய்த்து, முறத்தின் மேல் வளைத்து வைத்து, இன்னொரு முறத்தால் அமுக்கிக்கொண்டு நுனியைப் பிடித்து இழுத்தால், பாம்பும் இல்லாத பறவையும் இல்லாத என்னென்னவோ உருவம் வந்தது. அது என்ன என்று ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை போட்டார்கள். மருதாசலம் தீர்ப்புச் சொன்னார்.

எல்லாவற்றிலும் பெரிய வேடிக்கை அவர் வாயால் செய்ததுதான். வெற்றிலைச் சாற்றைப் படுத்தபடியே வாசலுக்கு அந்தப்பக்கம் துப்பக்கூடிய மனிதர் அவர். பொன்னாத்தாள் ஓர் ஆமணக்கு இலையைச் சுவரில் ஒட்டிப் பிடித்துக்கொள்வாள். அவர் காவித் தண்ணீரை ஒரு வாய் எடுத்து, கன்னத்தை உப்பிக்கொண்டு, பூஊ என்று ஊதுவார். தண்ணீர் பனி மாதிரி போய்ப் படியும். இலையை எடுத்தால் சுற்றிலும் சிவந்து, நடுவில் இலை மட்டும் வெள்ளையாக நிற்கும். பொன்னாத்தாளின் கையிலும் முகத்திலும் பாதிச் சாயம் விழும். "என்ற கையை வச்சு ஊதுங்கய்யா" என்று காளியண்ணன் வருவான். "என்ற மொகத்தை" என்று ஆத்தாயி மூக்கைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்பாள். சிரிப்பு வந்து பாதியில் அவருக்குப் புரையேறும். காவித் தண்ணீர் மூக்கு வழியாக வரும்.

பொழுதோடு வள்ளியாத்தாள் வருவாள். வாசலிலேயே நின்று மாட்டுத்தொட்டித் தண்ணீரில் கைகாலைக் கழுவிக்கொண்டு, உள்ளே ஒரு பார்வை பார்ப்பாள். முதல் நாள், "மஞ்சளைக் கொட்டிப் பாழு பண்ணீட்டீங்களா?" என்றாள். அப்புறம் அதுகூடக் கேட்கவில்லை. சோறாக்கினாள், நால்வருக்கும் போட்டாள், தான் உண்டாளா இல்லையா என்று தெரியாமல் அம்மிக்கு அருகில் சுருண்டு படுத்தாள். "ஆத்தா, இதைப் பாரு, அய்யா ஊதுன எலை" என்று பொன்னாத்தாள் காட்டினால், "உம், நல்லாருக்குது கண்ணு" என்பாள், கண்ணைத் திறக்காமலே.

அந்த நாட்களில் பொன்னாத்தாளுக்கு அம்மாவின் அசதி உறைக்கவில்லை. காலையில் அம்மா கிணற்றுக்குப் போவதும் அப்பா விளையாடக் கூப்பிடுவதும் அவளுக்கு ஒன்றாகவே இருந்தது. விடிந்ததும் இன்றைக்கு என்ன என்றுதான் எழுந்தாள்.

கள்ளிப்பூச்சியைக் கண்டுபிடித்தவள் அவள்தான். வாசல் கடைசியில் அந்த வேலி. கோவை இலை பறிக்கப் போனவள், கள்ளி மடலில் ஒட்டியிருந்த பஞ்சை முள் படாமல் ஒரு குச்சியால் சுரண்டினாள். விரலால் நசுக்கிப் பார்த்தாள். வெள்ளைப் பஞ்சுக்குள்ளிருந்து குபுக்கென்று சிவப்பு வந்தது. குங்குமம் மாதிரி இல்லை, காவி மாதிரியும் இல்லை. பழுத்த கள்ளிப் பழத்தைவிட ஆழமான சிவப்பு. துடைத்தாலும் போகவில்லை. ஒரு கொட்டாங்கச்சி நிறையச் சுரண்டிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

மருதாசலம் விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தார். "இந்தப் பூச்சிக்குள்ள இத்தனை செவப்பா? என்ற ஆயுசுக்கும் இப்படி ஒண்ணு பார்த்ததில்ல கண்ணு" என்றார். மகள் அப்பாவுக்கு ஒன்றைக் காட்டி அப்பா வியந்தது அதுதான் முதல் தடவை. மத்தியானம் வரை அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. மேலும் மேலும் சுரண்டிக் கொண்டுவந்தாள். சட்டி நிறைந்தது. சுவரில் ஒரு தேர் போடலாம் என்று மருதாசலம் சொன்னார். குச்சியால் சக்கரத்துக்கு அளவு பார்த்துக்கொண்டிருந்தபோது காளியண்ணனை இருவரும் மறந்துவிட்டார்கள்.

அவன் சட்டியில் இரண்டு கையையும் விட்டு, முகத்தில் பூசி, மிச்சத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். அதை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது. வாசலைத் தாண்டி, மிளகாய்க் காட்டு வரப்பில், கிணற்றை நோக்கி ஓடினான்.

வள்ளியாத்தாள் அப்போது மாடுகளைச் சரிவில் பாதி இறக்கியிருந்தாள். நிமிர்ந்தவள் கண்ணில், தலையிலிருந்து மார்பு வரை சிவப்பு வழிய, வாயைத் திறந்துகொண்டு ஓடிவருகிற பையன்தான் பட்டான். பிடித்திருந்த கயிற்றை அப்படியே விட்டாள். நிறைந்த பறியிலிருந்த தண்ணீர் சடசடவென்று கிணற்றுக்குள் கொட்டியது. மாடுகள் மிரண்டு இழுத்துக்கொண்டன. அவள் எதையும் பார்க்கவில்லை. வரப்பில் பாதி தூரம் ஓடிவந்து பையனை வாரி, தலைமுடியை விலக்கி விலக்கிக் காயம் எங்கே என்று தேடினாள்.

"எங்கடா சாமி, எங்க அடிபட்டுச்சு, சொல்லுடா."

"சாயம் ஆத்தா" என்றான் அவன் சந்தோஷமாக. "அக்கா எடுத்தது."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவன் அலறினான். அவளோ அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்து, அவனை மடியில் அமுக்கிக்கொண்டு, வாய்விட்டு அழுதாள். பின்னாலேயே ஓடிவந்த பொன்னாத்தாள் வரப்பில் அசையாமல் நின்றாள். அப்பா விழுந்த அன்றைக்குக்கூட அம்மா அழுது அவள் பார்த்ததில்லை.

பையனைத் தூக்கிக்கொண்டு வள்ளியாத்தாள் வீட்டுக்குள் வந்தாள். மருதாசலம் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, வரும் சத்தத்தைக் கேட்டு முகம் வெளுத்திருந்தார். அவனை இறக்கி விட்டவள் மூச்சு வாங்கச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"நான் அங்க மாட்டோட மாடா செத்துக்கிட்டிருக்கறேன். ஒரு கொளந்தையைப் புடிச்சு வைக்க முடியலீங்களா உங்களுக்கு? கெணத்துக்குள்ள விழுந்திருந்தான்னா? வெளையாட்டா இருக்குது உங்களுக்கு. எனக்கும் ஒருநாளைக்குக் காலு ஒடியட்டும், நானும் படுத்துக்கிட்டுச் செவுத்துல பூப் போடறேன்."

அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மிரண்ட மாடுகளைப் பிடிக்கத் திரும்பிப் போனாள்.

பொன்னாத்தாள் சாயச் சில்லுகளை எல்லாம் பொறுக்கி ஒரு கூடையில் போட்டாள். குப்பைக்குழியில் கொட்டிவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்கே அப்படித் தோன்றியது. எடுத்துக்கொண்டு நிமிரும்போது, அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள்.

வள்ளியாத்தாள் கையை ஊன்றிய இடத்தில் அவள் கை பதிந்திருந்தது. பையன் மேலிருந்த சிவப்பு. ஐந்து விரலும் அழுத்தமாக விழுந்திருந்தன. உள்ளங்கை மட்டும் விழவில்லை. அங்கே ஒரு துணியின் இழை தெரிந்தது, அதைச் சுற்றி வெறும் சுவர் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. கவலைக் கயிறு அறுத்துத் தோல் உரிந்து குழிந்த இடங்கள்.

"பொன்னு, உங்காத்தா கையில துணி சுத்தியிருக்குதா?"

"ஆமாங்கய்யா. ரெண்டு கையிலயும்."

"எப்பருந்து?"

"நெம்ப நாளாச்சுங்க. ராத்திரி வெளக்கெண்ணெய் போட்டுக்கும்."

"எனக்குத் தெரியலியே" என்றார் மருதாசலம். தினமும் அந்தக் கைதான் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

பிறகு மூலையில் சாத்தியிருந்த தடியை எடுத்து வரச் சொன்னார். "வைத்தியரு ஊணக் கூடாதுன்னாருங்க" என்றாள் பொன்னாத்தாள். "ஊணல. நீ தோளைக் குடு" என்றார். ஒரு பக்கம் தடி, ஒரு பக்கம் மகளின் தோள். கட்டுப் போட்ட காலைத் தூக்கிக்கொண்டு, ஒற்றைக் காலில் நொண்டி நொண்டி வாசலைக் கடந்தார். வியர்வை அவள் தலையில் சொட்டியது. அவ்வளவு பாரம் தாங்க முடியும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கள்ளி அழுகி விழுந்ததில் வேலியில் ஆள் நுழைகிற அளவுக்குச் சந்து விட்டிருந்தது. அதன் வழியே பார்த்தால் குமாரசாமி தன் காட்டில் களை வெட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. மருதாசலம் வேலியோரம் நின்றார். வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"அண்ணா" என்று கடைசியில் கூப்பிட்டார்.

குமாரசாமி நிமிர்ந்தார். மண்வெட்டியைக் கீழே போடவில்லை. "என்ன?"

"வள்ளி கையி புண்ணாப் போச்சுங்கண்ணா. நாளைக்குக் கவலை ஓட்ட ஆளில்ல."

குமாரசாமி மெல்ல வேலிக்கு அருகில் வந்தார். தம்பியின் காலைப் பார்த்தார். காலில் சுற்றிய கட்டின் மேல் இடம் விடாமல் கரியிலும் மஞ்சளிலும் மாடும் மயிலும் வெண்டைக்காய்ப் பூவும் இருப்பதைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"பங்குனியிலருந்து இந்தச் சந்துல பார்த்துக்கிட்டுத்தான் இருக்கறேன்" என்றார். "அந்தப் புள்ளை ஒண்டியா மாட்டை ஓட்டீட்டு, ஓடிப் போயி மடை திருப்பீட்டு, மறுக்கா ஓடி வருது. வெக்கமா இருந்துச்சு எனக்கு. நீ ஒரு வார்த்தை சொல்லாம எப்படி வந்து நிக்கறதுன்னு இருந்தேன்."

"நான்தான் சொல்லியிருக்கோணும்."

"சரி, போயிப் படு. காலைக் கெடுத்துக்காத."

அடுத்த நாள் கிணற்றுப் பக்கம் குமாரசாமியின் குரல் கேட்டது. கவலையில் அவருடைய மாடுகள் பூட்டியிருந்தன. மடை திருப்ப அவர் மனைவியும் வந்திருந்தாள். வள்ளியாத்தாள் வீட்டிலிருந்தாள். காலையில் வெகுநேரம் தூங்கினாள். எழுந்து வந்து, ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். குப்பைக்குழிக்குப் போகாமல் கதவோரம் கிடந்த கூடையைப் பார்த்தாள்.

"ஏன், இன்னைக்கி ஒண்ணும் இல்லீங்களா?" என்றாள் புருசனைப் பார்த்து.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் அம்மியடியில் உட்கார்ந்து, துணி கட்டிய கையோடு மஞ்சளை எடுத்தாள். "நீ உடு ஆத்தா, நான் அரைக்கறேன்" என்று பொன்னாத்தாள் குழவியைப் பிடுங்கிக்கொண்டாள். அன்று தேர் போட்டு முடித்தார்கள். தேரை இழுக்கிற மாட்டை மருதாசலம் போட்டார்.

"இது என்னங்க, பன்னியா?" என்றாள் வள்ளியாத்தாள்.

மூன்று பிள்ளைகளும் சுவரில் சாய்ந்து சிரித்தார்கள். அவளுக்கு ஏன் என்று தெரியவில்லை. ஆனாலும் சிரித்தாள்.

ஆடியில் முதல் மழை விழுந்தபோது வைத்தியர் வந்து கட்டைப் பிரித்தார். அழுக்கும் சாயமுமாக இருந்த துணியை அவர் சுருட்டி எறிந்ததும் காளியண்ணன் ஓவென்று அழுதான். மருதாசலத்தின் கால் ஒரு விரற்கடை குட்டையாகச் சேர்ந்திருந்தது. கடைசிவரை சாய்ந்து சாய்ந்துதான் நடந்தார். ஒரு வாரத்தில் காட்டுக்குப் போகத் தொடங்கினார். பழையபடி விடியுமுன் போனார், இருட்டிய பின் வந்தார். ஒரு மாறுதல், வந்ததும் களத்துக்குப் போகாமல் ஆசாரத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். வரைவதற்கு அவருக்கு நேரம் இல்லை. பிள்ளைகளும் கேட்கவில்லை. தை நோன்பான பொங்கலுக்குக் காப்புக் கட்டும் முன் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள். தேர், பூ, இலை, அந்தக் கை எல்லாம் சுண்ணாம்புக்குள் போயின. எல்லா வருசமும் அடிக்கிறதுதானே என்று யாரும் தடுக்கவில்லை. வெள்ளை காய்ந்த பிறகு வீடு ரொம்பப் பெரிதாக, வெறிச்சென்று இருந்தது பொன்னாத்தாளுக்கு நினைவிருக்கிறது. வேலியை அண்ணனும் தம்பியும் மறுபடி நடவில்லை.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த வருசம், தோட்டத்தில் மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய கொப்பரையின் ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் இவள். ஆவியில் முகம் தெரியவில்லை. பிறந்த வீட்டை விட்டுப் போகப் போகிற நினைப்பில் இருந்த பொன்னாத்தாள் சொன்னாள்: "அய்யா காலு ஒடிஞ்சு கெடந்தாரே, அந்தக் கோடைதான் ஆத்தா எனக்கு நல்ல காலம். அதுமாதிரி ஒண்ணு அப்பறம் வரவே இல்ல."

சொன்னபிறகுதான் அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. வள்ளியாத்தாளின் உள்ளங்கையில் அந்தத் தழும்புகள் இன்னும் இருந்தன.

வள்ளியாத்தாள் துடுப்பால் மஞ்சளைக் கிளறினாள். "உங்களுக்கு நல்ல காலம்தான்" என்றாள். "எனக்குக் கையி எரிஞ்சதுதான் நெனப்பிருக்குது. காத்தால எந்திரிச்சு அந்த வடத்தைத் தொடறதுக்கே கையி கூசும்." மறுபடியும் கிளறினாள். "ஆனா ஒண்ணு. பொழுதெறங்கி மாட்டை அவுத்துட்டு வாரப்ப, இன்னைக்கி எதுல என்னத்தைப் பூசி வச்சிருக்குதுகளோன்னு ஒரு நெனப்பு வரும். காலு அத்தனை நோவுலயும் வெசயா நடக்கும். ஊட்டுக்குள்ள நொழைஞ்சாச் சொல்றதுக்குத் தெம்பிருக்காது. கண்ணை மூடிப் படுத்துக்குவேன். படுத்துக்கிட்டு, பார்த்ததை எல்லாம் மறுக்கா ஒருவாட்டி நெனச்சுப் பார்த்துக்குவேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே ஆத்தா."

"எல்லாத்தையுஞ் சொல்லுவாங்களா?" என்றாள் வள்ளியாத்தாள். "அந்தப் பக்கம் நெருப்பு அணையுது பாரு. சோகையைத் தள்ளு."

பொன்னாத்தாள் குனிந்து காய்ந்த கரும்புச் சோகையை அடுப்புக்குள் தள்ளினாள். தீ பிடித்து எழுந்தது. இருவரும் அன்றைக்கு இருட்டும்வரை மஞ்சள் வேகவைத்தார்கள்.